எஃப்.ஐ.ஆரில் என்ன பிரிவு? பாலியல் ஆள்கடத்தல் வழக்குக்குப் புதிதாக வருபவர்களுக்கு

செய்தித்தாளில் நாலு வரியில் வந்துபோகும் செய்திதான்: 'மசாஜ் சென்டர் பெயரில் விபசாரம், புரோக்கர் கைது, 3 அழகிகள் மீட்பு.' அந்த 'அழகிகள்' என்ற சொல்லை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தாரோ, அதற்கே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற ஒருவர் அந்தச் செய்தியைப் படித்ததும் கேட்க வேண்டியது வேறு: எஃப்.ஐ.ஆரில் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள்?

அதே அறை, அதே புரோக்கர், அதே பெண். எழுதுகிறவர் எந்தச் சட்டத்தைக் கையில் எடுக்கிறார் என்பதைப் பொறுத்து அது மூன்று ஆண்டுத் தண்டனையில் முடிகிற வழக்காகவும் ஆகலாம், ஆயுள் தண்டனை வரை போகிற வழக்காகவும் ஆகலாம். மீட்கப்பட வேண்டிய பெண்ணே குற்றவாளிப் பட்டியலில் ஏறிவிடுவதும் உண்டு.

ஜூனியர் வக்கீல், தொண்டு நிறுவனத்தில் சேர்ந்த களப்பணியாளர், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர், மாவட்டச் செய்தியாளர் இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சட்டப் புத்தகத்தை ஒப்பிக்கப் போவதில்லை. தமிழ்நாட்டில் இப்படி ஒரு வழக்குக் கட்டு கைக்கு வந்தால் எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற வரிசை மட்டும்.

1. கையில் இருக்கும் தாள் எது?

புகார் கொடுத்ததும் நம் ஊர்க் காவல் நிலையங்களில் தருவது சி.எஸ்.ஆர். ரசீது. அதில் எண் இருக்கும், முத்திரை இருக்கும். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு 'கேஸ் போட்டாச்சு' என்று ஊருக்குத் திரும்பிய பெற்றோர் பலர். மனு வாங்கியதற்கு அது அத்தாட்சி, அவ்வளவே. வழக்கு பிறப்பது எஃப்.ஐ.ஆரில்தான். அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசமாகத் தர வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

'எங்கள் எல்லை இல்லை' என்ற பதில் வரும். பெண் காணாமல் போனது ஒரு மாவட்டம், கிடைத்தது இன்னொரு மாநிலம் என்றால் நிச்சயம் வரும். அதற்குத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் பதிவு செய்யலாம், பிறகு உரிய நிலையத்துக்கு மாற்றிக்கொள்வார்கள்.

'முதலில் விசாரிக்கிறோம், பிறகு பதிவு செய்கிறோம்' என்பது அடுத்த பதில். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் இருக்கிறது. ஆள்கடத்தல் அந்த வகையில் வராது, அதன் தண்டனை ஏழு ஆண்டில்தான் தொடங்குகிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-வது பிரிவின்படி, 143, 144 ஆகிய ஆள்கடத்தல் குற்றங்கள் பற்றிய தகவலைப் பதிய மறுக்கும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல். இதைச் சொல்லி நிலையத்தில் சண்டை போடுங்கள் என்று சொல்லவில்லை. எழுத்தில் கொடுக்கும் மனுவின் கடைசி வரியில் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டாலே போதும். அதற்கும் அசையாவிட்டால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் மனு, அதற்கு அடுத்து நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3)-ன் கீழ் மாஜிஸ்திரேட்.

2. இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். முதலாவது, 1956-ம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டம். கோர்ட் வளாகத்தில் 'ஐ.டி.பி. ஆக்ட்' என்றால் இதுதான். 1950-ல் நியூயார்க்கில் கையெழுத்தான சர்வதேச உடன்படிக்கையை ஒட்டி வந்தது, 1986-ல் திருத்தி இப்போதைய பெயரைப் பெற்றது. இரண்டாவது, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றம் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 370, 370-ஏ பிரிவுகள். ஆகவே சம்பவத் தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சம்பவத்துக்குப் புதிய பிரிவைப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு முதல் நாளே வேலை கொடுத்ததாகிவிடும்.

ஐ.டி.பி. ஆக்ட் இடத்தைச் சுற்றி எழுதப்பட்டது. விடுதி நடத்துவது 3-வது பிரிவு: முதல் முறை ஓராண்டு முதல் மூன்று ஆண்டு, மறுமுறை இரண்டு முதல் ஐந்து ஆண்டு. தெரிந்தே வீட்டை வாடகைக்கு விட்டவரும் இதே பிரிவுக்குள் வருவார். பெண்ணின் வருமானத்தில் வாழ்வது 4-வது பிரிவு: இரண்டு ஆண்டு வரை. அபராதத் தொகையைப் பார்த்தால் சிரிப்பு வரும். 3-வது பிரிவில் இரண்டாயிரம் ரூபாய், 4-வதில் ஆயிரம். ஒரு நாள் அறை வாடகைக்குக்கூட ஈடாகாது.

இதே சட்டத்தில் பல் உள்ள இரண்டு பிரிவுகளும் இருக்கின்றன, அவற்றைத்தான் விட்டுவிடுகிறார்கள். 5-வது பிரிவு ஆள் பிடிப்பது, கூட்டி வருவது, தூண்டுவது பற்றியது: மூன்று முதல் ஏழு ஆண்டு, விருப்பத்துக்கு மாறாக என்றால் ஏழு முதல் 14 ஆண்டு. மிரட்டலோ ஏமாற்றோ இருந்ததாக நிரூபிக்காமலே அடிப்படைக் குற்றம் நிற்கும் என்பது இதன் பலம். பெண்ணைக் கூட்டிப் புறப்பட்ட ஊரிலும் வழக்கு நடத்தலாம், கொண்டுபோய்ச் சேர்த்த ஊரிலும் நடத்தலாம். 6-வது பிரிவு அடைத்து வைப்பது: ஏழு ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை. 'கதவு திறந்துதானே இருந்தது' என்று வாதாடுவார்கள். அவள் போகக்கூடாது என்ற நோக்கத்தில் நகை, துணிமணி, பணம் இவற்றைப் பிடித்து வைத்திருந்தாலே அடைத்து வைத்ததாக அனுமானிக்க வேண்டும் என்று 6(3) சொல்கிறது. ஆகவே மீட்பு மகஜரில், அதாவது அந்த இடத்திலேயே சாட்சிகள் முன் எழுதும் பதிவில், அந்தப் பெண்ணின் ஆதார் அட்டை, செல்போன், தோடு, கொலுசு யாருடைய பீரோவில் இருந்து எடுக்கப்பட்டன என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அந்த ஒரு வரிக்குப் பல ஆண்டு மதிப்பு.

நியாய சன்ஹிதாவின் 143 ஆளைச் சுற்றி எழுதப்பட்டது. அதற்கு மூன்று கால்கள். செயல்: ஆள் சேர்ப்பது, ஏற்றிச் செல்வது, தங்க வைப்பது, கைமாற்றுவது, பெற்றுக்கொள்வது. வழி: மிரட்டல், பலவந்தம், கடத்தல், ஏமாற்று, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துதல், ஆளைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்குப் பணம் கொடுத்துச் சம்மதிக்க வைத்தல். நோக்கம்: சுரண்டல். வாக்குமூலத்தைப் படிக்கும்போது மூன்று கட்டம் போட்டு, எந்த வரி எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். 'திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை என்றார்' என்பது வழி. 'டிக்கெட் அவர்தான் எடுத்தார்' என்பது செயல். 'போன அன்றைக்கே ஆள் அனுப்பினார்கள்' என்பது நோக்கம். ஒரு கட்டம் காலியாக இருந்தால் வழக்கு நொண்டும். அதை விசாரணை அதிகாரியிடம் அப்போதே சொல்ல வேண்டும், குற்றப்பத்திரிகை போன பிறகு அல்ல.

தண்டனை இப்படி ஏறுகிறது: ஒருவரைக் கடத்தினால் ஏழு முதல் பத்து ஆண்டு. ஒருவருக்கு மேற்பட்டவர் என்றால் பத்து ஆண்டு முதல் ஆயுள். குழந்தை என்றால் பத்து ஆண்டு முதல் ஆயுள். ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் என்றால் 14 ஆண்டு முதல் ஆயுள். குழந்தை கடத்தலில் மறுபடியும் தண்டனை பெற்றால், அல்லது செய்தவர் அரசு ஊழியரோ காவலரோ என்றால், எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சிறை. கடத்தி வரப்பட்டவர் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ பாலியல் சுரண்டலில் ஈடுபடுத்தினால் 144: குழந்தை என்றால் ஐந்து முதல் பத்து ஆண்டு, மற்றவர் என்றால் மூன்று முதல் ஏழு.

நான் படித்த முதல் எஃப்.ஐ.ஆரில் ஐ.டி.பி. ஆக்டின் 3, 4 மட்டும் இருந்தன. வாக்குமூலத்தில் பஸ் டிக்கெட்டும் இருந்தது, பொய் வேலையும் இருந்தது, பூட்டிய அறையும் இருந்தது. கேட்டதற்கு 'எல்லாவற்றுக்கும் இதுதான் போடுவோம்' என்றார் எழுத்தர். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, கை பழக்கம். அந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்பதுதான் புதியவரின் முதல் வேலை. விசாரணையின் நடுவில் பிரிவுகளைச் சேர்க்கலாம், மாற்றறிக்கை தாக்கல் செய்தால் போதும்.

3. வயதைக் காகிதத்தில் பிடியுங்கள்

17 வயது 11 மாதமும் 18 வயது ஒரு மாதமும் பார்வைக்கு ஒன்றுதான். சட்டத்தில் அந்த இரண்டு மாதத்தில் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) முழுவதும் வந்து நிற்கும் அல்லது போய்விடும். மீட்கப்படும் சிறுமிகள் பெரும்பாலும் 'இருபது' என்றுதான் சொல்வார்கள், அப்படிச் சொல்லப் பழக்கியிருப்பார்கள். தயாராக ஓர் ஆதார் நகலும் இருக்கும். அதை நம்பி உட்கார வேண்டாம். சிறார் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவு ஒரு வரிசை தருகிறது: பள்ளிச் சான்று அல்லது மெட்ரிகுலேஷன் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. அவள் படித்த பள்ளிக்குப் போய்ச் சேர்க்கைப் பதிவேட்டின் நகலை வாங்குவது களப்பணியாளரால் ஆகிற மிகப் பெரிய உதவி.

ஒரு சிக்கல் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். ஐ.டி.பி. ஆக்டில் 'குழந்தை' என்றால் 16 வயது நிரம்பாதவர், 16-க்கும் 18-க்கும் இடைப்பட்டவர் 'மைனர்'. போக்சோவிலும் நியாய சன்ஹிதாவிலும் 18 வரை எல்லாருமே குழந்தைதான். குழந்தை என்று தெரிந்ததும் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். விபசாரத்துக்காகக் குழந்தையை விற்றவருக்கு நியாய சன்ஹிதாவின் 98, வாங்கியவருக்கு 99. வாங்கியவரின் தண்டனைதான் பெரிது: ஏழு முதல் 14 ஆண்டு. குழந்தை மீதான குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் போக்சோவில் தண்டனைக்குரியது, தொண்டு நிறுவனத்துக்கும் லாட்ஜ் மேலாளருக்கும் சேர்த்துத்தான்.

4. அந்தப் பெண்ணின் பெயர் எந்தப் பத்தியில் இருக்கிறது?

எஃப்.ஐ.ஆரில் 'எதிரிகள்', அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், பத்தியை விரலை வைத்துப் படியுங்கள். ஏ1 புரோக்கர், ஏ2 வீட்டுக்காரர், ஏ3 என்று அந்தப் பெண்ணின் பெயரே வந்திருந்தால் வழக்கு அங்கேயே தடம் புரண்டிருக்கிறது என்று பொருள். ஐ.டி.பி. ஆக்டில் பொது இடத்துக்கு அருகில் தொழில் செய்வது 7-வது பிரிவு, அழைப்பது 8-வது பிரிவு. இந்த இரண்டும்தான் பெண்ணின் பக்கம் திரும்பும் கத்திகள். 8-வது பிரிவில் ஒரு வேடிக்கை உண்டு: பெண் செய்தால் ஆறு மாதம் வரை, ஆண் செய்தால் ஏழு நாளில் தொடங்கி மூன்று மாதம் வரை. எழுதியவர்கள் என்ன நினைத்து எழுதினார்களோ.

புதிதாக வருபவர்கள் எல்லாரும் குழம்புகிற இடம் சம்மதம். வயது வந்த ஒருவர் தன் விருப்பத்தில் பாலியல் தொழில் செய்வது குற்றம் அல்ல, விடுதி நடத்துவதுதான் குற்றம். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லி, சோதனையின்போது அவர்களைக் கைது செய்யவோ தண்டிக்கவோ துன்புறுத்தவோ கூடாது, ஆணுறையைச் சாட்சியமாகக் காட்டக்கூடாது, ஊடகங்கள் அவர்களின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்றெல்லாம் உத்தரவிட்டது. இன்னொரு பக்கம் 143-வது பிரிவின் விளக்கம், ஆள்கடத்தலைத் தீர்மானிக்கப் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே அல்ல என்கிறது.

இரண்டும் மோதவில்லை. பொய் சொல்லியோ மிரட்டியோ வாங்கிய சம்மதத்தைக் காட்டிப் புரோக்கர் தப்ப முடியாது என்பது 143. யாரும் ஏமாற்றாமல், கட்டாயப்படுத்தாமல் தன் முடிவில் இருக்கும் பெண்ணை 'மீட்கிறேன்' என்று இழுத்துப் போகாதே என்பது 2022 உத்தரவு. எது எது என்று முடிவு செய்ய வேண்டியது அந்த மூன்று கட்டங்களை வைத்துத்தான், பார்க்கிறவரின் ஒழுக்க அளவுகோலை வைத்து அல்ல. தொண்டு நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நல்ல எண்ணத்தில் நடக்கிற தவறு இங்கேதான் அதிகம்.

மாஜிஸ்திரேட் முன் நிறுத்திய பிறகும் இதே கேள்வி வரும். ஐ.டி.பி. ஆக்டின் 17-வது பிரிவின் கீழ், விசாரணை நடக்கும்போது மீட்கப்பட்ட பெண்ணை மூன்று வாரத்துக்கு மேல் காவலில் வைக்க முடியாது. அதன் பிறகு ஓராண்டு முதல் மூன்று ஆண்டு வரை பாதுகாப்பு இல்லத்துக்கு அனுப்ப அதிகாரம் உண்டு. வயது வந்த பெண் 'நான் போக வேண்டும்' என்றால்? 2020-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அப்படி மூன்று பெண்களை விடுவித்தபோது, அவர்கள் விரும்பிய இடத்தில் வாழ்வதும் தொழிலைத் தேர்ந்துகொள்வதும் அவர்களின் அடிப்படை உரிமை என்றது. அந்தத் தீர்ப்பின் நகல் உங்கள் பையில் இருக்கட்டும். பெற்றோரிடம் ஒப்படைக்கும் முன்னும் அவசரம் கூடாது. அந்தக் குடும்பத்தின் தகுதியை விசாரிக்க வேண்டும் என்கிறது 17-ஏ. விற்றதே சித்தப்பாவாக இருக்கலாம்.

5. சோதனை எப்படி நடந்தது?

இந்தச் சரிபார்ப்பு சுருக்கமானது, ஆனால் எதிர்த்தரப்பு இதை வைத்துத்தான் ஜாமீனில் தொடங்கி விடுதலை வரை வாதாடும். சோதனையிட்டவர் இன்ஸ்பெக்டருக்குக் குறையாத சிறப்புக் காவல் அதிகாரியா, அல்லது அவர் உத்தரவின் பேரில் வந்தவரா? கூட இரண்டு பெண் காவலர்கள் இருந்தார்களா? மகஜர் சாட்சிகளில் ஒருவராவது பெண்ணா? மீட்கப்பட்ட பெண்ணை விசாரித்தது பெண் அதிகாரியா? வாட்ஸ்அப் உரையாடல், ஜி-பே பரிமாற்றம் போன்றவை சேர்ந்திருந்தால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-வது பிரிவு கேட்கும் மின்னணு ஆவணச் சான்றிதழ் கூடவே இருக்கிறதா? அது இல்லாமல் செல்போனை மட்டும் பாலிதீன் கவரில் போட்டு ஒப்படைத்துவிட்டு, விசாரணை நாளில் கையைப் பிசைவார்கள்.

6. குண்டர் சட்டம் போட்டால்

'புரோக்கர் குண்டாஸில் கைது' என்றால் தண்டனை கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1982-ம் ஆண்டின் 14-வது தமிழ்நாடு சட்டம் அது. அதன் நீண்ட பெயரிலேயே கள்ளச்சாராயக்காரர், குண்டர் என்ற வரிசையில் விபசாரத் தொழில் குற்றவாளியும் இருக்கிறார். மாநகரில் போலீஸ் கமிஷனரும் மாவட்டத்தில் கலெக்டரும் உத்தரவிடுவார்கள், அதிகபட்சம் 12 மாதம் உள்ளே. தடுப்புக் காவல்தான் அது. அறிவுரைக் குழுமம் விடுவிக்கலாம், உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம். அந்தப் பன்னிரண்டு மாதத்தில் மூல வழக்கு தூங்கிவிட்டால், ஆள் வெளியே வந்து சாட்சியைத் தேடிப் போவார். ஆகவே குண்டாஸ் செய்தி வந்த அன்றே மூல வழக்கின் குற்றப்பத்திரிகை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கும்பலாக, மாநிலம் தாண்டி நடக்கிற தொழில் என்றால் நியாய சன்ஹிதாவின் 111, அதாவது திட்டமிட்ட குற்றம் பற்றிய பிரிவு, பொருந்துமா என்றும் பார்க்கலாம். ஐந்து ஆண்டு முதல் ஆயுள், குறைந்தது ஐந்து லட்சம் அபராதம். ஆனால் முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகள் தாக்கலாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு தேசியப் புலனாய்வு முகமையும் ஆள்கடத்தல் வழக்குகளை எடுக்கலாம்.

7. அவளுக்கு என்ன கிடைக்க வேண்டும்?

மாஜிஸ்திரேட் முன் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-வது பிரிவு வாக்குமூலத்தைச் சீக்கிரம் பதிய வைக்கப் பாருங்கள். நாள் போகப் போக ஊரிலிருந்து யாராவது சமாதானம் பேச வந்துவிடுவார்கள். மிரட்டல் இருந்தால் 2018-ம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். ஆள்கடத்தலுக்கு ஆளானவருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் உண்டு, 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு அது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு பக்க மனு போதும், தொலைபேசியில் 15100. இழப்பீட்டு மனுவையும் அங்கேயே கொடுக்கலாம். தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இடைக்கால நிவாரணமும் கேட்கலாம். உடனடி ஆபத்து என்றால் 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

கடன் விஷயத்தை அவளே கடைசியாகத்தான் சொல்வாள், அதுவும் தயங்கி. 'அக்காவுக்கு நாற்பதாயிரம் தரணும், பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருக்காங்க.' அந்தப் பயத்தில்தான் பலர் திரும்பிப் போகிறார்கள். ஐ.டி.பி. ஆக்டின் 6(4)-ஐ எடுத்து அவளுக்கு நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். அடைத்து வைத்தவர் தான் கொடுத்ததாகச் சொல்லும் நகைக்கோ துணிக்கோ பணத்துக்கோ அவள் மீது எந்த வழக்கும் போட முடியாது, சிவிலும் இல்லை, கிரிமினலும் இல்லை. அந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று அவளிடம் கேட்டு, விசாரணை அதிகாரியிடம் சொல்லிப் பறிமுதல் செய்ய வையுங்கள். புரோக்கருக்கு எதிரான ஆவணமாக அது கட்டில் சேரட்டும்.

எஃப்.ஐ.ஆர். தேதியிலிருந்து 90-வது நாளை டைரியில் குறித்து வையுங்கள். அதற்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று காவல்துறை அவளுக்குத் தெரிவித்தாக வேண்டும்.